கனமானது யாருக்கு?

(பெரம்பலூரில் பெண்களின் வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, ஒரு சண்டையிலிருந்து தொடங்குறேன். போன வருசம் ஒரு கூட்டத்தில் ஒரு அண்ணன், நம்ம ஆள்தான், நல்ல உழைப்பாளி, சொன்னார்: "பொம்பளப் பிள்ளைங்களுக்கு 'கருக்கு' குடுங்க, படிச்சு அழுவாங்க. அம்பேத்கர் கட்டுரையெல்லாம் கனம். அத நாங்க பாத்துக்கறோம்."

கனமா? அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தவள். 2017 செப்டம்பர் 1இல் அவளை இழந்தோம். இந்த மண்ணில் நின்று பெண்பிள்ளைகளிடம் கனத்தைப் பற்றிப் பேசலாமா?

1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' அழுவதற்கான புத்தகமும் அல்ல. திருச்சபைக்குள் சாதி எப்படி வேலை செய்கிறது என்று காட்டிய எழுத்து. தலித் பெண் எழுதினால் அனுபவம், ஆண் எழுதினால் சிந்தனை. இந்தப் பாகப்பிரிவினையைச் செஞ்சது யாரு?

ஆகவே கனமானதையே எடுத்தோம். 1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்'. சின்ன வெங்காயம் ஆய்ஞ்ச கையோட வந்த ஏழு பேர், நாலு ஞாயித்துக்கிழம, வரி வரியா.

சாதியின் உயிர் அகமணம் என்கிறார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடிக்கணும்னா ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்கணும். புருசன் செத்தா அந்தப் பெண் கணக்கில் மிச்சம். வெளியே கட்டினால் வேலி உடையும். உள்ளேயே கட்டினால் இன்னொருத்திக்கு மாப்பிள்ளை குறையும். எனவே உடன்கட்டை, இல்லையேல் கட்டாய விதவைக்கோலம். பெண்டாட்டி செத்த ஆணை எரிக்க மாட்டார்கள். வயசுக்கு வராத சிறுமியைக் கட்டிவைப்பார்கள். மூன்று கொடுமைக்கும் ஒரே கணக்கு. பெண்ணைப் பூட்டாமல் சாதி நிற்காது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

அப்போது ஒரு பெரியம்மா மறித்தார். "நம்ம சேரியில அறுத்துக் கட்டுறது உண்டே? இது அவங்க கணக்குல்ல?"

திணறித்தான் போனேன். பதில் அதே கட்டுரையிலேயே இருந்தது: மேலே இருப்பவனைப் பார்த்துக் கீழே இருப்பவன் செய்யும் போலச்செய்தல். உடனே இன்னொரு பொண்ணு, "அதான் பட்டதாரி மாப்பிள வந்ததும் எங்க அக்கா மறுமணத்த அப்பா மூடி மறைக்கிறாரா?" என்றாள். யாரும் பேசவில்லை.

1995இல் கோபால் குரு, தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்று எழுதியபோது, தலித் ஆண்களின் ஆதிக்கத்தையும் சேர்த்தே சொன்னார். நம் மேடைகள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டன. ஷர்மிளா ரெகே 1998இல் அவருக்கு எதிர்வினை எழுதினார்: இந்தப் பார்வை தலித் பெண்களின் தனிச்சுமை அல்ல, மற்ற பெண்ணியவாதிகளும் மாறியாக வேண்டும் என்று. 2013இல், பார்ப்பனிய ஆணாதிக்கம் பற்றிய அம்பேத்கர் எழுத்துகளைத் தொகுத்து முன்னுரைகளோடு வெளியிட்டவரும் அவரே. அடுத்து அந்தத் தொகுப்பைத்தான் படிக்கப் போறோம். இங்கிலீசு தெரிஞ்ச பிள்ளைங்க வாய்விட்டுத் தமிழ்ல சொல்லும்.

அந்த அண்ணனையும் கூப்பிட்டிருக்கோம். அன்னைக்கு டீ போடுற முறை அவரோடது.