அடுத்தவர் துன்பத்துக்கு நோக்கம் சொல்ல நீ யார்?

(வேலூர்ப் பக்கத்துச் சபை ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



நோட்டீஸில் எனக்குப் போட்டிருக்கும் தலைப்பு ‘பாடுகளில் தேவனுடைய நோக்கம்’. மாற்றித் தர முடியுமா என்று செயலாளரிடம் கேட்டேன். அச்சாகிவிட்டது என்றார். சரி, அச்சான தலைப்பிலேயே பேசுகிறேன். ஆனால் அந்தத் தலைப்பை நாம் வழக்கமாகப் பயன்படுத்துகிற விதத்தை எதிர்த்துத்தான் பேசப்போகிறேன். முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் வருத்தப்படக் கூடாது.

என் வாதம் இதுதான். துன்பத்தில் நோக்கம் உண்டு என்று ஒரு கிறிஸ்தவன் சொல்லலாம். தன்னுடைய துன்பத்தைப் பற்றிச் சொல்லலாம். அழுது, ஜெபித்து, ஆண்டவரோடு சண்டை போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகு சொல்லலாம். அடுத்தவன் துன்பத்தைப் பற்றி அப்படிச் சொல்ல அவனுக்கு அதிகாரம் கிடையாது. அங்கே அவனுக்கு இருப்பது வேலை மட்டும்.

நாம் தலைகீழாகச் செய்கிறோம். நமக்குத் தலைவலி வந்தால் அது சாத்தானின் தாக்குதல். பக்கத்து வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் வந்தால் கர்த்தர் அவரோடு பேசுகிறார். (சிரிப்பு) இப்போது சிரிக்கிறீர்கள். துக்க வீட்டில் இதையே சிரிக்காமல் சொல்லியிருக்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘கர்த்தருக்கு அவன் தேவைப்பட்டான் அம்மா’ என்கிறோம். அந்தத் தாய்க்குத் தேவைப்படவில்லையா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மைதானத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, சக்கர நாற்காலியில் வந்தவரை எழுந்து நட என்பார்கள். நடந்தால் ஊழியருக்குச் சாட்சி. நடக்காவிட்டால் வந்தவருக்கு விசுவாசம் போதவில்லை. எப்படி விழுந்தாலும் ஊழியருக்கே லாபம். பவுல் அப்போஸ்தலர் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார், முள் எடுபடவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்த ஊழியராவது இந்த மேடையில் ஏறிச் சொல்லட்டும். நான் இறங்கிக்கொள்கிறேன்.

வேதத்தைத் திறந்து பேசுவோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள், ஏழு இரவு, தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்களைப் போல நல்ல நண்பர்கள் உலகத்தில் இல்லை. பிறகு வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால்தான் இது வந்தது என்று அதிகாரம் அதிகாரமாக விளக்கினார்கள். கடைசியில் ஆண்டவர் யாரைக் கோபித்தார்? தன் பிறந்த நாளையே சபித்துக் கத்திய யோபுவை அல்ல, அழகாக விளக்கம் சொன்ன நண்பர்களை. இன்னொன்றையும் கவனியுங்கள். பரலோகத்தில் ஆண்டவருக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு, முதல் இரண்டு அதிகாரம் படித்த நமக்குத் தெரியும். யோபுவுக்குப் புத்தகம் முடியும்வரை யாருமே அதைச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்படாத காரணம், நமக்கு மட்டும் எந்தத் தபாலில் வந்தது?

சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார் என்று லூக்கா 13இல் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கரையில் மாதா கோவிலுக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் சுனாமி அலை வாரிக்கொண்டு போனது. அதையும் நியாயத்தீர்ப்பு என்று பிரசங்கித்தவர்கள் உண்டு. லூக்கா 13 அவர்களுடைய வேதாகமத்தில் இல்லையா?

யோவான் 9ஐ யாராவது நீட்டுவார்கள். பிறவிக் குருடனைப் பற்றிச் சொல்லும்போது, தேவனுடைய செயல்கள் அவனிடத்தில் வெளிப்படுவதற்காக என்று இயேசுவே காரணம் சொல்கிறாரே என்பார்கள். உண்மைதான். யார் பாவம் செய்தது, இவனா, பெற்றவர்களா என்று சீஷர்கள் குற்றவாளியைத் தேடினார்கள். இரண்டும் இல்லை என்று அந்தக் கேள்வியையே அவர் தள்ளிவிட்டார். அடுத்த வசனத்தில் பகல் இருக்கும்போதே வேலை செய்ய வேண்டும் என்கிறார். அதற்கடுத்து? குனிந்து, தரையில் உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, அந்த மனிதன் கண்ணில் பூசினார். நோக்கத்தைப் பற்றிப் பேசியவருடைய விரலில் சேறு இருந்தது. நம் விரலில் என்ன இருக்கிறது? மைக்.

நாம் உட்கார்ந்திருக்கும் இதே மண்ணுக்கு வருகிறேன். ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஓர் இரவு, மூன்று வெவ்வேறு குடும்பத்து ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தகப்பனார் மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஊழியத்துக்கே வர மாட்டேன் என்றிருந்த ஐடா அமெரிக்கா போனார், 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், திரும்பி வந்தார். 1902இல் வேலூரில் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சிஎம்சி, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதிலிருந்து வளர்ந்தது.

இந்தக் கதையை நம் பிரசங்கியார்கள் முடிக்கும் விதத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஐடாவை அழைப்பதற்காகவே ஆண்டவர் அந்த இரவை அனுமதித்தாராம். ஐயா, அந்த மூன்று பெண்களும் யாருடைய பிள்ளைகள்? ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப, மூன்று தமிழ்த் தாய்மாரின் உயிரைத் தபால்தலையாக ஒட்டுகிற கடவுளையா நாம் ஆராதிக்கிறோம்? அப்படி ஒரு கடவுளை எனக்குத் தெரியாது. அந்தப் பெண்கள் செத்ததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெண் மருத்துவர் இல்லை, ஆணைத் தொடவிட மாட்டார்கள். ஐடா அந்த மூன்று மரணங்களுக்கும் அர்த்தம் கற்பித்துக்கொண்டு உட்காரவில்லை. நான்காவது பெண் அப்படிச் சாகக் கூடாது என்று படிக்கப் போனார். நோக்கம் அந்த இரவுக்கு முன்னால் எழுதிவைக்கப்படவில்லை. அந்த இரவுக்குப் பின்னால் ஒரு பெண் தன் வாழ்நாளைக் கொடுத்து அதை உண்டாக்கினார்.

அடுத்து டாக்டர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் மலைக்காய்ச்சல் முற்றி 1929இல் அங்கேயே இறந்தார். மருத்துவம் படிக்கும் முன் இங்கிலாந்தில் கொத்து வேலை, தச்சு வேலை கற்றுக்கொண்ட மகன், 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல் அழுகி உதிர்கிறது என்றுதான் அப்போது ஊரே நம்பியது. சதை அழுகுவதில்லை, நரம்பு மரத்துப்போவதால் வலி தெரிவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் கை தேய்ந்து போகிறது என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்தால்கூடத் தெரியாது. அதற்குப் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? வீட்டுக்குப் போகும் நோயாளி கையில் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்!

வலி கடவுளின் கொடை என்று பிராண்ட் எழுதியதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டுங்கள். ஆனால் பூனையையும் சேர்த்துக் காட்டுங்கள். வலியின் அருமையைப் பேசிய அந்த மனிதர், முடங்கிய விரல் நிமிர தசைநாரை எடுத்து மாற்றிப் பொருத்தினார். விரல் நிமிர்ந்த நோயாளிகளில் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டார்கள். கை நேரானதும் பிச்சை குறைந்துவிட்டது, தழும்பைப் பார்த்து வேலையும் யாரும் தருவதில்லை என்று. அவர் அவர்களுக்குப் பொறுமையைப் பற்றி வசனம் வாசிக்கவில்லை. தொழுநோயாளிகளுக்கான நவஜீவ நிலையத்தில் குடிசை போட்டு, தச்சுப்பட்டறை வைத்து, தான் கற்ற தொழிலைக் கற்றுக்கொடுத்தார்.

தொழுநோயாளிகளுக்கு நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869இல் வந்தது. 2001இல் அதைத் திருத்தியபோது, தொழுநோயையும் மணவிலக்குக்கு ஒரு காரணமாக எழுதினார்கள். தொழுநோயைக் குணமாக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களிலேயே வந்துவிட்டது. குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கினவரின் பெயரால் தாலி கட்டி, மோதிரம் மாற்றி, சுகத்திலும் நோயிலும் என்று உடன்படிக்கை செய்கிற நமக்கு, அந்தச் சட்டத்தில் அந்த வரி 2019வரை இருந்தது. மற்ற மதத்தாரின் திருமணச் சட்டங்களிலும் இருந்தது, எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து நாடாளுமன்றம் நீக்கியது. அந்தப் பதினெட்டு ஆண்டில் இதற்காக ஓர் உபவாச ஜெபம்? ஒரு கையெழுத்து? தொழுநோயைப் பாவத்துக்கு உவமையாக வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்!

எதிர் மேடையில் இருக்கும் நாத்திக நண்பர்கள், மதம் ஏழையின் வலிக்குக் கொடுக்கும் மயக்க மருந்து என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொல்வது பொய்யாக வேண்டுமானால் நாம்தான் அதைப் பொய்யாக்க வேண்டும்.

அப்படியானால் விசுவாசம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டாக்டர் மேரி வர்கீஸ் பெயரைச் சொல்கிறேன். 1925இல் கொச்சியில் பிறந்து, வேலூரில் படித்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம், தண்டுவடம் சேதம். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை உண்டு, தொழுநோயாளிகளின் கைக்குச் செய்யலாம் என்று வழிகாட்டியவர் அதே பால் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி கத்தியைப் பிடித்தார். உணர்விழந்த கைகளை, உணர்விழந்த கால்களோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்த்தினார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது. முதுகு ஒடிந்தவர்கள் மீண்டும் வாழக் கற்றுக்கொள்ளும் இடம் அது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார்.

விபத்துக்கும் பாகாயத்துக்கும் நடுவில் 12 வருஷம். அந்த நோக்கம் 1954இல் கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராக நின்றுகொண்டிருக்கவில்லை. அந்தக் கட்டிலருகே போய், ‘உன் கால் போனது நல்லதற்குத்தான், பிற்பாடு பெரிய மையம் கட்டுவாய்’ என்று எவராவது சொல்லியிருந்தால், அந்த வார்த்தை நிறைவேறியிருந்தாலும் அது பாவம் என்பேன். மேரி வர்கீஸ் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, இதில் கிருபை இருந்தது என்று சொன்னால், நான் எழுந்து நின்று கேட்பேன். உயிர்த்தெழுந்த ஆண்டவரின் உடம்பிலும் ஆணித் தழும்பு இருந்தது. தோமாவுக்கு அதை அவரே காட்டினார். வேறு யாரும் அவர் கையை இழுத்துக் காட்டவில்லை.

விசுவாசம் எதற்கு? இதற்குத்தான். ஏன் என்று கேட்கலாம் என்கிற உரிமை அதில் இருக்கிறது. கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று இயேசுவே கேட்டார். சிலுவையில் ஏன் கைவிட்டீர் என்று உரத்த சத்தமாய்க் கேட்டார். மாற்கு சுவிசேஷத்தைப் படித்துப் பாருங்கள், அந்தக் கேள்விக்கு வானத்திலிருந்து பதில் வரவில்லை. குமாரனுக்கே பதில் வராத கேள்விக்கு, துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாம் பதில் வைத்திருக்கிறோம். (கைதட்டல்) பதில் இல்லாத அந்த இடத்திலும் ஆண்டவர் இருந்தார் என்று நம்புகிறவன்தான் கிறிஸ்தவன். அந்த நம்பிக்கை இருப்பவனால் காரணம் தெரியாமலேயே மறுநாள் எழுந்து வேலைக்குப் போக முடியும்.

ஆறுதலே சொல்லக் கூடாதா என்று அங்கே ஒரு அம்மா முணுமுணுக்கிறார்கள். சொல்லுங்கள் அம்மா. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்த இயேசுவே முதலில் அழுதார். அழத் தெரிந்தால் அழுங்கள். இல்லாவிட்டால் துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வாருங்கள், விடியற்காலையில் சிஎம்சி புறநோயாளி வரிசையில் அவர்களுக்காகப் போய் நில்லுங்கள்.

கடைசியாக வீட்டு விஷயம். நம் ஆலய வாசலில் ஐந்து படி. பக்கவாதம் வந்த நம் சபைப் பாட்டியம்மா ஒருவர், படிக்குக் கீழே ஆட்டோவில் உட்கார்ந்தபடியே திருவிருந்து வாங்குகிறார். கர்த்தர் உங்களுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கிறார் பாட்டி என்று ஒருவர் அவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். கர்த்தர் கற்றுக்கொடுக்கிறாரோ இல்லையோ, நம் பாஸ்டரேட் கமிட்டி நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. (சிரிப்பு)

சக்கர நாற்காலி ஏற, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். நம் படி ஐந்தும் சேர்த்து இரண்டரை அடி. முப்பது அடி நீளம் போதும், மேற்குப் பக்கத்தில் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் இடம் கிடக்கிறது. கொத்தனார் நம் சபையிலேயே இருக்கிறார், பேசிவிட்டேன். செங்கல் ஒருவர் தருகிறேன் என்றிருக்கிறார். சிமென்டும் மணலும்தான் பாக்கி. கிறிஸ்துமஸ் சீரியல் விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுக்கலாம். கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள். ஜெபம் முடிந்ததும் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விடாதீர்கள். காபி கொடுக்கும்போது நோட்டுப் புத்தகத்தோடு வருவேன்.