சந்தேகத்தின் பலன் யாருக்கு?

(யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பேசத் தொடங்குமுன்னரே உங்களுள் ஒரு பெரியவர் எம்மை மறித்து வினவினார்: "தம்பி, 1964 இல் புயல் வந்தது, 1978 இல் மட்டக்களப்பையே புயல் அழித்தது. புயல் எமக்குப் புதிதா?"

நேர்மையான வினா. நேர்மையான விடை கூறுவது எமது கடன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைச் சூறையாடியது. 600 பேருக்கு மேல் மாண்டனர். அப்புயலைக் காலநிலை மாற்றமே பெற்றெடுத்தது என்று மேடையில் முழங்குவோமாயின் நாம் பொய்யராவோம். புயல்கள் என்றும் இருந்தன. ஆயினும், காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால், வருகின்ற புயல் முன்னிலும் பெருமழையைக் கொட்டவல்லது. புயலின் கையில் ஆயுதங் கொடுத்தவர் யார் என்பதே இன்றைய வழக்கு.

இவ்வழக்கில் எத்துணைச் சாட்சியம் போதும்? குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் நிரூபிக்கப்படல் வேண்டும். ஐயமிருப்பின் அதன் பலன் எதிரிக்கே. குடியியல் வழக்கிலோ எப்பக்கம் தராசு தாழ்கின்றது என்று பார்த்தாற் போதும். மழை பெய்யுமென்று நிரூபித்த பின்னரா நீங்கள் காலபோகத்துக்கு விதைக்கின்றீர்கள்?

விஞ்ஞானிகள் தம் உறுதியை அளந்து கூறுபவர்கள். வெப்ப உயர்வுக்கு மனிதச் செயலே பெருங்காரணமாதல் 66 வீதத்துக்கு மேல் என்று அரசுகளுக்கிடையிலான காலநிலைக் குழு 2001 இல் கூறியது. 2007 இல் 90 வீதம் என்றது. 2013 இல் 95 வீதம் என்றது. மனிதனால் பூமி வெப்பமுற்றமை ஐயத்துக்கிடமற்றது என்று 2021 இல் தீர்ப்பளித்தது. நாணயத்தின் அடையாளமான அந்த அளவீட்டையே, "அவர்களுக்கே தெரியாது" என்று சிலர் திரித்தனர். அமெரிக்காவின் எக்சன் கம்பனியின் சொந்த விஞ்ஞானிகள் 1970 களின் பிற்பகுதியிலேயே இவ்வாபத்தை உணர்த்தியிருந்தனர். கம்பனியோ பின்னர் பல்லாண்டுகள் மக்களிடையே சந்தேகத்தையே விதைத்தது. சந்தேகத்தின் பலனை எதிரி அனுபவித்தான்; தண்டனையை நாம் அனுபவிக்கின்றோம்.

குற்றம் முழுவதும் அயலார்மேல் என்று கூறுவதும் அழகன்று. 2021 ஏப்ரலில், கமக்காரரைக் கேளாமலே, சுற்றாடலின் பெயரால் இரசாயன உரத்துக்குத் தடை அறிவிக்கப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை நீங்கிற்று. அன்று நீங்கியது தடை மட்டுமா? நம்பிக்கையும் நீங்கிற்று. இன்று "சுற்றாடல்" என்ற சொல்லைக் கேட்டதும் கமக்காரன் தன் உரப்பையை இறுகப் பற்றுகின்றான். அவனை அறிவிலி என்று ஏசுவோர் அந்த ஆண்டை மறந்தோர்.

மொழியின் நிலை என்ன? அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை தமிழும் அரசகரும மொழி என்கின்றது. எனினும், டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தாலும் பிந்தி வந்தன என்ற முறைப்பாடு எழுந்தது. வெள்ளம் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருப்பதில்லை. தமிழில் வருபவையும் "தணித்தல்", "இசைவாக்கம்" என்று ஏட்டுத் தமிழில் வந்தால் யாருக்கு விளங்கும்?

ஆகவே, படித்த நண்பர்களே, கிணற்றடியிலிருந்து பேசத் தொடங்குவோம். இக்குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லினுள்ளே, உவர்நீரின்மேல் நன்னீர் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் 1 அடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர் 40 அடி வரை ஏறலாம் என்பது நிலநீர் விதி. உலகக் கடல்மட்டமோ 1901 முதல் 2018 வரை 20 சதமமீற்றர் உயர்ந்துவிட்டது. கீழிருந்து கடல் தள்ளுகின்றது. மேலிருந்து எமது இறைப்பு யந்திரம் உறிஞ்சுகின்றது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்பவனையே கமக்காரன் நம்புவான்.

அச்சத்தை மட்டும் ஊட்டினால் மக்கள் செவியை மூடுவர். செய்யத்தக்கதையும் உடன் கூறுவோம். குளங்களையும் கேணிகளையும் தூர்வாருவோம், மாரிநீரை நிலத்துள் இறக்குவோம், அளவறிந்து இறைப்போம், எச்சரிக்கையை உரிய வேளையில் எம் மொழியிற் பெறும் உரிமையைக் கேட்டுப் பெறுவோம்.

எம்மை மறித்த பெரியவரே! புயல் எமக்குப் புதிதன்று. ஆனால் உமது பேரனின் கிணற்றுநீர் உவர்க்குமாயின், அது இக்குடும்பத்துக்குப் புதிது. இம்முறை சந்தேகத்தின் பலனை அப்பேரனுக்கு அளிப்போம்.