உறக்கக் கடனும் அதைத் தீர்க்கும் வழியும்

(பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்குரிய பிரசங்கம்)



சங்கத்தில் கடன் பெற்றவர் தவணையை மறந்தால் காரியதரிசி நினைவூட்டுவார். உறக்கத்தில் ஏறும் கடனுக்கோ பேரேடு கிடையாது; கேட்பாரும் இல்லை. ஆகையால் அக்கடன் எவ்வாறு ஏறுகின்றது, எவ்வாறு தீரும் என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருத்தல் அவசியம்.

பால் சங்கத்து அங்கத்தினர் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, மாட்டைக் கறந்து, பாலைச் சங்கத்தில் அளந்துவிட்டு வயலுக்குச் செல்கின்றார். இரவு 10 மணிக்குப் படுத்தால் அவருக்குக் கிடைப்பது 6 மணி நேரமே. இது போதும் என்று எண்ணுவோர் அநேகர். வயது வந்தோர் இரவில் 7 மணி நேரமேனும் உறங்குதல் வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டில் அமெரிக்க நித்திரை வைத்திய நிபுணர்கள் கூடிச் செய்த முடிவாகும்.

ஒரு மணி நேரக் குறைவால் என்ன கேடு என்று கேட்கலாம். 2003-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா சர்வகலாசாலையார் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். 14 நாள் தொடர்ந்து இரவில் 6 மணி நேரம் மட்டும் படுக்கவிடப்பட்டவர்களின் கவனம், ஓர் இரவு முழுவதும் கண் விழித்தவர்களின் கவனத்தைப் போலக் குன்றிற்று. அவ்வளவு குன்றியதை அவர்களே பெரும்பாலும் உணரவில்லை. ஆகவே, “பழகிவிட்டது” என்று ஒருவர் சொல்வதை நம்பி அவர் நலமாயிருக்கின்றார் என்று முடிவு செய்தல் தகாது.

மற்றொரு பரிசோதனை ஆஸ்திரேலியாவில் 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவரின் திறனுக்கு ஒப்பாகின்றது என்று அதில் கண்டனர். இந்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 30 மில்லிகிராமைக் கடந்தாலே வண்டி ஓட்டுதல் குற்றம். காலை 4 மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் நிறைவது இரவு 9 மணிக்கு. அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரும், தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் கை வைப்பவரும் இதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

இனிப் பரிகாரம். எழும் நேரம் 4 மணி என்றால் படுக்கும் நேரம் 9 மணிக்கு மேற்படலாகாது. இரவில் குறைந்ததைப் பகலில் ஓரளவு ஈடு செய்யலாம். பகல் உணவுக்குப்பின் 20 நிமிஷம் கண் அயர்ந்தால் சோர்வு நீங்கும். வெகுநேரம் உறங்கினாலோ எழும்போது மந்தமும், இரவில் விழிப்பும் உண்டாகும். காப்பியின் வேகம் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆவதால், மாலையில் அதைத் தவிர்த்தல் நலம். மது உறக்கத்தைத் தருவதுபோல் தந்து பின்னிரவில் கெடுக்கும். வண்டி ஓட்டுகையில் கண் சொருகினால் முகம் கழுவிக்கொண்டு மேலே செல்வது ஆபத்து. ஓரமாக நிறுத்திச் சற்று உறங்குவதே தக்கது.

போதிய நேரம் உறங்கியும் பகலில் தூக்கம் மேலிடுமாயின், அதைச் சோம்பல் என்று பழித்தலாகாது. இரத்தசோகை, நீரிழிவு, குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருதல், சில மருந்துகள் ஆகியன காரணமாயிருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டவேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பல வீடுகளில் முதலில் எழுபவரும் கடைசியில் படுப்பவரும் பெண்களே. கறவை, சாணம் அள்ளுதல், இரவுச் சமையல் யாவும் ஒருவர் தலையில் விழுந்தால் அவருடைய கடன் என்றும் தீராது. வேலையை வீட்டார் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். சங்க நிர்வாகக் கூட்டத்தையும் இரவில் வைக்காமல், மாலைப் பால் அளந்தவுடன் நடத்தி முடிப்பது அங்கத்தினர் யாவருக்கும் நன்மை பயக்கும்.