நிழல் இல்லாத அப்பா

இன்னைக்கு எபிசோட் தூத்துக்குடி மில்லர்புரத்துல என் வீட்டு மாடி அறையில இருந்து. நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. துறைமுக ஊர்ல சத்தமே இல்லாத நேரம்னு ஒண்ணு கிடையாது.

நான் போட்டோ எடிட்டிங் செய்றவன். கல்யாண ஆல்பம், ஃப்ளெக்ஸ் பேனர், நினைவஞ்சலி போஸ்டர் எல்லாம் உண்டு. இதுல அடிக்கடி வர்ற ஒரு வேலையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். இறந்து போன ஒருத்தரை, அவர் வர முடியாமப் போன கல்யாண போட்டோவுல சேர்த்துக் கொடுக்கிறது. நம்ம ஊர் ஸ்டூடியோக்காரங்க யாரைக் கேட்டாலும் இந்த மாதிரி ஒரு கதை வச்சிருப்பாங்க. இது என் கதை.

சில வருஷம் முன்னாடி அடுத்த தெருவுல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. மகளுக்கு மே மாசம் கல்யாணம் முடிஞ்சிருந்தது. வீட்டுக்காரர் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தவறிட்டார். "தம்பி, எம்மக பக்கத்துல அவுகளையும் நிக்க வச்சுத் தரணும்"னு ரெண்டு படம் கொடுத்தாங்க. ஒண்ணு, மண்டப வாசல் படிக்கட்டுல சாயங்காலம் நாலரை மணிக்கு எடுத்த குடும்பப் படம். இன்னொண்ணு, ஏதோ ஒரு விசேஷ வீட்டுல ராத்திரி ஃப்ளாஷ் போட்டு எடுத்த அவரோட முழு உருவப் படம்.

ரெண்டு நாள் உக்காந்தேன். முடி ஓரமெல்லாம் பொறுமையா மாஸ்க் போட்டு வெட்டினேன். தோல் நிறத்தைச் சரி பண்ணினேன். மகளுக்கு இடது பக்கம், அரை அடி முன்னால நிக்கிற மாதிரி வச்சேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தப்ப எனக்கே பெருமையா இருந்துச்சு.

அக்கா அழுதாங்க. அவரோட அம்மா, அந்த ஆச்சி மட்டும் படத்தைக் கிட்ட வச்சு, எட்ட வச்சுப் பார்த்துட்டே இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "எல்லாம் சரிதான்யா. எம்புள்ள ஏன் தரையில நிக்கல?"

என்னால பதில் சொல்ல முடியல. வீட்டுக்கு வந்து ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பார்த்தேன். ஆச்சி சொன்னது நிஜம். எம்புள்ளன்னு அவங்க சொன்ன மனுசன் மிதந்துட்டு இருந்தார். மத்த எல்லாருக்கும் நிழல் வலது பக்கம் நீளமா விழுந்து கிடக்கு. அவருக்கு மட்டும் காலுக்கு அடியில நான் ஒரு கறுப்பு வட்டம் போட்டு மங்கலாக்கி வச்சிருக்கேன். படத்தோட வெயிலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

அன்னைக்குத்தான் வெயிலை ஒழுங்காப் பார்க்க ஆரம்பிச்சேன். கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல, வெளிச்சம் எங்க இருந்து வருது? நம்ம ஊருக்குக் கடல் கிழக்குல இருக்கு. மன்னார் வளைகுடாவுல சூரியன் உதிக்கும், மறையாது. சாயங்காலம் வெயில் ஊருக்குள்ள இருந்து கடலைப் பார்த்து அடிக்கும். ஆனா முத்து நகர் கடற்கரையில எடுத்த ஜோடிப் படத்துக்குப் பின்னால, கடல்ல சூரியன் மறையிற மாதிரி ஒட்டிக் கேக்கிறவங்க உண்டு. முகத்துல முன்பக்க வெயில், முதுகுக்குப் பின்னால சூரியன். ஒரே படத்துல ரெண்டு சூரியன்.

உயரமும் முக்கியம். சூரியன் 45 டிகிரியில இருந்தா நிழல் நம்ம உயரம் இருக்கும். மே மாசம் சாயங்காலம் நாலரைக்கு இங்க சூரியன் 27 டிகிரி பக்கம் இறங்கியிருக்கும். நிழல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு நீளம். அதே நம்ம ஊர்ல ஏப்ரல் ரெண்டாவது வாரத்துலயும் ஆகஸ்ட் கடைசியிலயும், மதியம் 12:18 வாக்குல சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வரும். அப்போ நட்டு வச்ச கம்புக்கு நிழலே இருக்காது. மொட்டை மாடிக்குப் போய் நீங்களே பார்க்கலாம்.

ரெண்டாவது, அது எந்த மாதிரி வெளிச்சம்? வெட்ட வெயிலா, மேக மூட்டமா, ட்யூப்லைட்டா? வெயில் நிழல்ல கூட ஓரம் ஒரே மாதிரி இருக்காது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்துல அரை டிகிரி அகலமான தட்டு. அதனால பொருளுக்கும் நிழலுக்கும் நடுவுல ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் நிழலோட ஓரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் மங்கும். கால்கிட்ட கூர்மை, தலைகிட்ட மென்மை. மொத்த நிழலுக்கும் ஒரே அளவு ப்ளர் போட்டா அங்கேயே மாட்டிக்குவீங்க.

மூணாவது, நிழல் கறுப்பு இல்லை. திறந்த வெளியில நிழலுக்குள்ள வானத்தோட நீலம் கொஞ்சம் இருக்கும். பக்கத்துச் சுவரோட நிறமும் வரும். நம்ம உப்பளத்துல போய் நில்லுங்க. வெள்ளை உப்புல பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழ இருந்து தாடையில அடிக்கும், கண்ணுக்குக் கீழ விழ வேண்டிய நிழலே பாதி காணாமப் போகும். அதனால மல்டிப்ளை லேயர்ல சுத்தக் கறுப்பை ஊத்தாதீங்க. அதே படத்துல ஏற்கெனவே இருக்கிற ஒரு நிழல்ல இருந்து நிறத்தை எடுங்க.

நாலாவது, பாதம் தரையைத் தொடுற கோடு. செருப்புக்கும் தரைக்கும் நடுவுல ஒரு மெல்லிய, ரொம்ப இருட்டான கோடு இருக்கும். பெரிய நிழல் கொஞ்சம் கோணலா இருந்தா கூட நம்ம கண்ணு விட்டுடும். இந்தக் கோடு இல்லைன்னா ஆள் மிதப்பார்.

இவ்வளவு தெரிஞ்ச பிறகும் அந்தப் படிக்கட்டுல நிழல் எப்படி மடங்கி விழும்னு எனக்குப் பிடிபடல. அக்காகிட்டயே போய் நின்னேன். "அவர் உயரத்துல வீட்டுல யாராவது இருக்காங்களாக்கா?" அவங்க தம்பி இருந்தார். கல்யாணம் முடிஞ்சு மூணு வாரம்கூட ஆகல, சூரியன் பெருசா இடம் மாறியிருக்காது. அவரையும் அவர் வீட்டம்மாவையும் அதே படியில, அதே நாலரை மணிக்கு நிக்க வச்சு எடுத்தேன்.

அப்பத்தான் நான் என்ன தப்பு பண்ணியிருக்கேன்னு முழுசாத் தெரிஞ்சுது. அவரோட நிழல் தரையில மட்டும் விழல. பக்கத்துல நின்ன அந்தம்மாவோட முழங்கைக்குக் கீழ, சேலை ஓரம் முழுக்க விழுந்திருந்தது. சேலை மடிப்புக்கு மடிப்பு வளைஞ்சு விழுந்திருந்தது.

மகள் பக்கத்துல அப்பா நின்னா, அவர் நிழல் மகள் மேல விழத்தான செய்யும்? நான் அப்பாவை மட்டும் ஒட்டியிருந்தேன். அவர் அங்க நின்னதால அந்தப் பொண்ணு மேல என்ன மாறியிருக்கும்னு யோசிக்கவே இல்லை.

திரும்பவும் முதல்ல இருந்து செஞ்சேன். ஃப்ளாஷ் வெளிச்சத்துல அவர் முகம் தட்டையா இருந்துச்சு. மச்சான் முகத்தைப் பார்த்துப் பார்த்து வலது கன்னம், மூக்கோட வலது பக்கம், கழுத்தை எல்லாம் கர்வ்ஸ்ல இருட்டாக்கினேன். சேலைல அந்த நிழலை மடிப்பு மடிப்பா வரைஞ்சேன். கடைசியா முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிச் சரி பார்த்தேன். நிறம் போனா வெளிச்சத்துல இருக்கிற பொய் சட்டுனு தெரியும்.

ஆச்சி படத்தை வாங்கிப் பார்த்தாங்க. "இப்ப நிக்கான்"னு சொன்னாங்க. அவ்வளவுதான்.

இங்கேயே முடிச்சிருந்தா இது நல்ல கதை. ஆனா எனக்குள்ள ஒரு கேள்வி இருக்கு. ரெண்டு படத்தை ஒண்ணாக்குறது புதுசு இல்லை. 1850-கள்லயே பிரான்ஸ்ல குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, அடிவானத்துல இணைச்சு பிரிண்ட் போட்டார். அன்னைக்கு ஒரே எக்ஸ்போஷர்ல ரெண்டும் சரியா வராது. ஒரே மேகத்தை வேற வேற கடலுக்கும் வச்சிருக்கார். அது கலை.

2015 டிசம்பர்ல சென்னை வெள்ளம் வந்தப்ப நடந்தது வேற. பிரதமர் விமான ஜன்னல் வழியா வெள்ளத்தைப் பார்க்கிற படம் ஒண்ணை மத்திய அரசோட பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டர்ல போட்டுச்சு. ஜன்னலுக்கு வெளியே தண்ணியில மூழ்கின வீடுங்க கிட்டத்துல பார்க்கிற மாதிரி பளிச்சுனு தெரிஞ்சுது. அதே படம் மங்கலான ஜன்னலோட ஏற்கெனவே வெளியே வந்திருந்தது. மக்கள் கண்டுபிடிச்சதும் நீக்கிட்டு, ரெண்டு படத்தை இணைச்சதா விளக்கம் கொடுத்தாங்க. உயரத்துல இருந்து, மழைக்கால மூட்டத்துல, தடிமனான ஜன்னல் வழியாப் பார்த்தா அவ்வளவு தெளிவு கிடைக்காது. வெள்ளம் நிஜம், பயணமும் நிஜம். ஆனா செய்திப் படம்னு வந்தா அங்க ஒட்டு வேலைக்கு இடமே இல்லை.

இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கென்னடி கொலையில குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்ட், துப்பாக்கியோட நிக்கிற படத்துல நிழல் சரியில்லை, அது போலின்னு பல வருஷமாச் சொன்னாங்க. 2009-ல ஹானி ஃபரித்ங்கிற ஆய்வாளர் முப்பரிமாண மாதிரி செஞ்சு பார்த்தார். ஒரே சூரியன்ல அத்தனை நிழலும் சரியா வந்துச்சு. நம்ம கண்ணை மட்டும் நம்பி உண்மைப் படத்தைப் போலின்னும் சொல்லிடக் கூடாது.

அதனால நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். இந்த மாதிரி படத்துக்குப் பின்பக்கம் "இணைத்த படம்"னு எழுதி, வருஷத்தையும் போட்டுடுவேன். அக்கா முதல்ல ஒத்துக்கல. "பேரப்பிள்ளைங்க, தாத்தா கல்யாணத்துக்கு வந்தாகன்னு நினைச்சுட்டுப் போகட்டுமே தம்பி"ன்னாங்க. அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? "வரலன்னாலும், நீங்க அவரை வர வச்சீங்கன்னு தெரியட்டும்க்கா"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "பென்சில்ல எழுது. சின்னதா எழுது"ன்னாங்க. எழுதினேன்.

நீங்க எடிட் பண்றவரா இருந்தா இந்த வாரம் ஒரு வேலை செய்ங்க. கம்ப்யூட்டரை மூடிட்டு, சாயங்காலம் நாலரைக்கு உங்க தெருவுல யாரையாவது ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. ஒருத்தர் நிழல் இன்னொருத்தர் மேல எப்படி விழுதுன்னு பாருங்க. போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க, பின்னால உதவும்.

அடுத்த எபிசோட்ல பழைய, கிழிஞ்ச படங்களைச் சரி பண்றதைப் பத்திப் பேசலாம்.