மனந்திரும்புதல்



கிறித்தவ வாழ்வில் தன் குற்றம் உணர்தல் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை எடுத்துக்கொண்டு பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்றே எண்ணினேன். 1894இல் வெளிவந்த அக்காப்பியத்தில் பாவச்சுமை தாங்கி நடக்கும் பயணியைக் குறித்து ஒரு மணி நேரம் பேசுதல் தமிழ் பயிற்றும் எனக்கு அரிதன்று. என் சுமையைப் பற்றிப் பேசுதலே அரிது.

சாமுவேலின் இரண்டாம் நூலில் ஒரு நிகழ்ச்சி. தாவீது மன்னன் பிறன்மனையாளைக் கவர்ந்தான். அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். நாத்தான் என்னும் தீர்க்கர் அரசவைக்கு வந்தார். அவர் இடித்துரைக்கவில்லை, கதை சொன்னார். ஆடுமாடுகள் நிறைந்த செல்வன் ஒருவன், தன் விருந்தினனுக்காக ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்தான் என்பது கதை. கேட்ட மன்னன் கொதித்து, அவன் சாகத்தக்கவன் என்று தீர்ப்பளித்தான். அதன் பிறகே அச்செல்வன் தானே என்பதை அறிந்தான். அயலான் குற்றமாக வந்து நின்றால்தான் நம் குற்றம் நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. புறங்கூறாமை அதிகாரத்தை வள்ளுவர் எந்தக் குறளால் முடிக்கிறார் என்பதை இந்த அவைக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஐம்பத்தோராம் சங்கீதத்தின் தலைப்புக் குறிப்பு, அப்பாடலை இந்நிகழ்ச்சியோடு இணைக்கிறது. இராகத் தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது என்றும் கூறுகிறது. தன் இழிவைப் பிறர் பாடட்டும் என்று கொடுத்துவிட்ட மன்னன்! அப்பாடலில் பெரும்பாலும் ‘நான்’, ‘என்’ என்றே வருகிறது. ஆலயத்தில் ஞாயிறுதோறும் நான் சொல்லும் பொதுப் பாவ அறிக்கையிலோ ‘நாங்கள்’ என்று வரும். அந்தப் பன்மைக்குள் என் குற்றம் பல்லாண்டு வசதியாக ஒளிந்திருந்தது.

நம் விவிலியத் தமிழ் ‘மனந்திரும்புதல்’ என்று ஒரு சொல்லைத் தந்திருக்கிறது. கிரேக்க ‘மெட்டனோயா’ மனம் மாறுதலைச் சுட்டும்; எபிரேய ‘ஷூப்’ திரும்பி வருதலைச் சுட்டும். தமிழ்ச்சொல் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. மனம் வருந்துதல் வேறு, இது வேறு. யூதாசும் வருந்தினான், முப்பது வெள்ளிக்காசுகளை எறிந்தும் விட்டான். ஆனால் தன் ஆசிரியரிடம் திரும்பவில்லை. மறுதலித்த பேதுருவோ அழுதான், பின்னர்த் திரும்பினான். காணிக்கை படைக்க வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்கிறது மலைப்பொழிவு. அங்கேயே நின்று வேண்டிக்கொள்ள அது இடம் தரவில்லை.

ஏழாண்டுகளுக்கு முன் நம் மாதக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் வெண்பா ஒன்று படித்தார். இரண்டு இடங்களில் தளை தட்டியது. அதை எடுத்துக்காட்டியது பிழையன்று. ஆனால் நான் அதை நயமாக, அவை நகைக்கும்படி, அவர் நின்றுகொண்டிருக்கும்போதே எடுத்துக்காட்டினேன். அவை நகைத்தது. உங்களுள் சிலருக்கு நினைவிருக்கலாம். அதன்பின் அவர் வரவில்லை. இலக்கண நேர்மை என்று அதற்கு நான் பெயர் சூட்டியிருந்தேன்.

இம்மலருக்குக் கவிதை வேண்டி எழுதப்பட்ட கடிதத்திற்கு அவரிடமிருந்து விடை வரவில்லை என்று செயலாளர் கூறினார். இந்த உரையை எழுதத் தொடங்கி, நாத்தானின் கதையோடு நின்றுவிட்டேன். சென்ற திங்கள் அவர் வீட்டைத் தேடிச் சென்றேன்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டு அமரச் சொன்னார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். “அதெல்லாம் மறந்துபோயிற்று அம்மா” என்றார். அந்த வெண்பாவை மட்டும் தருமாறு கேட்டேன். அன்றே கிழித்துவிட்டாராம். நானே சொல்லிப் பார்க்கலாம் என்று முயன்றேன். தளை தட்டிய இரண்டு இடங்கள் நினைவில் இருந்தன. அவர் எதைப் பற்றிப் பாடினார் என்பது நினைவில் இல்லை.

விடைபெறும்போது, கூட்டம் இப்போதும் இரண்டாம் சனிக்கிழமைதானா என்று கேட்டார். ஆம் என்றேன்.