கடல் கடந்த முதல் வாரங்கள்



வெளிநாட்டிற் சென்று படித்துத் திரும்பியவர்கள் தாம் பெற்ற பட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். பார்த்த நகரங்களைப் பற்றிப் பேசுவார்கள். போய்ச் சேர்ந்த முதற் சில வாரங்களைப் பற்றி அதிகமாகப் பேசுவதில்லை. அந்த வாரங்களிற் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி எதையும் நாம் செய்திருக்கமாட்டோம். எனினும், நான் கற்ற கல்வியில் ஒரு முக்கியமான பகுதி அந்த வாரங்களிலேயே நடந்தது. ஆகையால் இன்று அவற்றைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

1962-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் நான் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவை அடைந்தேன். பாளையங்கோட்டையிற் பிறந்து, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் படித்தவன் நான். அந்தக் கல்லூரிக்கும் ஸ்காட்லாந்துக்கும் பழைய உறவு உண்டு. 1837-ஆம் ஆண்டு ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் தொடங்கிய பள்ளிக்கூடமே பிற்காலத்தில் அந்தக் கல்லூரியாக வளர்ந்தது. அதனை வளர்த்தவர்களுள் தலைசிறந்தவர் வில்லியம் மில்லர். அபர்தீனிலும் எடின்பரோவிலும் பயின்ற அவர், 1862-இல், இருபத்து நான்கு வயது இளைஞராகச் சென்னைக்குப் புறப்பட்டார். அவர் வந்த வழியில், சரியாக நூறு ஆண்டு கழித்து, எதிர்த் திசையில் நான் போகிறேன் என்ற நினைவு கப்பலிலேயே எனக்கு ஒரு மிடுக்கைக் கொடுத்திருந்தது. ‘நான் அந்நிய நாட்டுக்கா போகிறேன்? எங்கள் ஆசிரியர்களின் நாட்டுக்கல்லவா போகிறேன்! நான் படிக்கும் வேதத்தையே படிக்கிறவர்கள் அங்கே இருக்கும்போது எனக்கென்ன குறை?’ என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த மிடுக்கு முதல் வாரத்திலேயே குறையத் தொடங்கியது. நம் நாட்டில் 1957-இல் அணாக் கணக்கை விட்டு, ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று எளிதாக்கிக்கொண்டோம். அங்கே அப்போது பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன். அவர்கள் நூற்றுக் கணக்குக்கு மாறியது 1971-இல்தான். கடையில் நின்று சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிடும். நான் தங்கியிருந்த அறையிலோ, குளிர் காய்வதற்கு வைத்திருந்த வாயு அடுப்பு, ஷில்லிங் காசைத் துளையிற் போட்டால்தான் எரியும். கையில் வேறு காசு இருந்து ஷில்லிங் இல்லாத இரவுகளில், மேலங்கியோடு போர்வைக்குள் புகுந்துகொள்வேன்.

மூன்றாம் நாட் பகலில் பிரின்ஸஸ் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று மேலே மலைக்கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கிற்று. நான் திடுக்கிட்டு ஒரு கடைவாசலில் ஒதுங்கினேன். தெருவில் ஒருவரும் நிற்கவில்லை; சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கடலில் நிற்கும் கப்பல்கள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வதற்காக 1861-இல் ஏற்பட்ட வழக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை நீங்கலாகப் பகல் ஒரு மணிக்கு அந்தப் பீரங்கி வெடிக்கும். அதே தெருவின் கோடியில், ரயில் நிலையத்தை அடுத்த ஓட்டலின் மணிக்கூண்டு மூன்று நிமிடம் முந்தியே காட்டும். ரயிலுக்குப் போகிறவர்கள் வண்டியைத் தவறவிடக் கூடாதே என்ற அக்கறை! முகமறியாத பிரயாணிக்காக இவ்வளவு அக்கறை கொள்ளும் ஊர், என்னையும் கவனியாதிருக்குமா என்று நம்பியிருந்தேன்.

என் நம்பிக்கை முழுவதையும் ஞாயிற்றுக்கிழமையின்மேல் வைத்தேன். எங்கள் ஊரில் ஆராதனை முடிந்து ஆலய வாசலுக்கு வந்தால், “தோத்திரம்” என்று சொல்லாமல் ஒருவர் போகமாட்டார். புதியவர் ஒருவர் வந்திருந்தால், எந்த ஊர், யார் மகன், எங்கே சாப்பாடு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அவரை விடமாட்டார்கள். அந்த நினைவோடு, இருப்பிடத்துக்கு அருகிலிருந்த ஒரு கோவிலுக்குப் போனேன். ஜெபம் தொடங்கியதும் வழக்கம்போல முழங்காற்படியிட்டேன். சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறந்து பார்த்தால், சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்தபடியே தலைகுனிந்திருக்கிறார்கள்! அந்தச் சபையின் முறை அது. ஆராதனை முடிந்தது. போதகர் வாசலில் நின்று கைகுலுக்கினார். மற்றவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான்கு ஞாயிறுகள் இவ்வாறே கழிந்தன. ஞாயிற்றுக்கிழமைகளிற் கடைகள் அடைத்திருக்கும், பீரங்கியும் மௌனம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு, சாளரத்தின் அருகே உட்கார்ந்திருப்பேன்.

அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிறர் காரியத்தில் தலையிடாதிருப்பதையே மரியாதையாகக் கருதுகிறவர்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆனால் அன்று எனக்கு அது விளங்கவில்லை. ‘இவர்களுக்கு வேதம் எதற்கு?’ என்று மனத்துக்குள் நியாயம் விசாரிக்கத் தொடங்கினேன்.

அந்தச் சமயத்தில் என் தாயாரின் கடிதம் வந்தது. “ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிற் சாப்பிட்டாய்?” என்று கேட்டிருந்தார்கள். சௌக்கியமாக இருப்பதாகவும் நண்பர்கள் பலர் உண்டென்றும் பொய்யாக ஒரு பதில் எழுதத் தொடங்கினேன். பாதியிற் பேனா நின்றுவிட்டது. அந்தக் கேள்வி எனக்கு வேறொருவரை நினைப்பூட்டியது.

தாம்பரத்தில் எங்கள் விடுதியிற் கென்யாவிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருந்தார். என் அறைக்கு நான்காவது அறை. ஞாயிறு தோறும் எங்களோடு ஆராதனைக்கு வருவார். பின்பு தனியே திரும்பிப் போவார். திருநெல்வேலிப் பிள்ளைகளாகிய நாங்கள் கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வேறு பக்கம் போவோம். விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் புறப்படும்போது அவர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். “துணைக்கு யாரையாவது அழைத்து வாயேன்” என்று என் தாயார் எத்தனையோ முறை எழுதியதுண்டு. அவரை அழைக்க எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு ஆண்டுகள் நாங்கள் அவரைக் ‘கென்யாக்காரர்’ என்றே குறிப்பிட்டு வந்தோம். இங்கே எடின்பரோவில், என் இருப்பிடத்தில், எனக்கு என்ன பெயர் தெரியுமா? ‘இந்தியர்’ என்பதுதான்.

நான் விசாரித்துக்கொண்டிருந்த வழக்கிற் குற்றவாளி யார் என்பது அப்போது தெரிந்தது.

ஐந்தாம் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கறுப்புத் தொப்பி அணிந்த ஒரு மூதாட்டியார் என் வழியை மறித்து நின்று, என் பெயரைக் கேட்டார். சொன்னேன். விளங்கவில்லை. தம் சங்கீதப் புத்தகத்தின் பின்னட்டையில் அதை எழுதச் சொன்னார். எழுத்துக் கூட்டி மூன்று முறை சொல்லிப் பார்த்து, நான் தலையசைத்த பிறகே விட்டார். அன்று பகல் அவர் வீட்டிற் சாப்பாடு. பார்லி அரிசியும் காய்களும் இட்ட ரசம், கொத்திய இறைச்சி, உருளைக்கிழங்கு. காரம் என்பது துளியும் இல்லை. ஆயினும் ஐந்து வாரத்தில் அன்றுதான் வயிறு நிறைந்தது. சாப்பிட்டபின், 1650-ஆம் ஆண்டு முதல் அவர்கள் பாடிவரும் செய்யுட் சங்கீதங்களில் ஒன்றை அவர் மெல்லப் பாடினார். பிறகு எங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னார். நான் ஒரு கீர்த்தனையைப் பாடினேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்தார்.

அன்றிரவு இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று தாயாருக்கு, உண்மையை ஒளிக்காமல் எழுதினேன். மற்றொன்று தாம்பரத்து நண்பருக்கு. மேல்விலாசம் எழுத உட்கார்ந்தபோதுதான், அவர் பெயரின் எழுத்துக்கள் எனக்குச் சரியாகத் தெரியாதென்பது தெரிந்தது. விளம்பரப் பலகையிற் பார்த்த நினைவைக் கொண்டு ஒருவாறு எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்திற் பதில் வந்தது. “என் பெயரில் ஓர் எழுத்துத் தவறு. இருந்தாலும் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது” என்று தொடங்கியிருந்தார். பெயரைச் சரியாக, பெரிய எழுத்தில், தனி வரியில் எழுதியிருந்தார். என் மேற் கோபம் உண்டென்றோ இல்லையென்றோ அவர் சொல்லவில்லை. குளிர் எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தார்.

அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவர் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் போனார். தாயார்தாம் எழுதி வரவழைத்திருந்தார்கள். ஜனவரியில் எனக்கு வந்த கடிதத்தில், அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: “இரண்டு வருஷம் ஒரே விடுதியில் இருந்தும் நீ அந்தப் பிள்ளையோடு பேசியதில்லையாமே, மெய்தானா?” அந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன.

நண்பர்களே, அந்நாளில் மில்லர் சென்னையில் வந்து இறங்கியபோதும் அவருக்கு நம் வெயில் புதிது, நம் மொழி புதிது. அவருடைய பெயரையும் நம்மவர் எவரோ ஒருவர் முதன் முதலிற் கேட்டறிந்து, சரியாகச் சொல்லப் பழகியிருக்க வேண்டும். உங்களிற் சிலர் நாளை கடல் கடந்து போவீர்கள். அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை அந்நாடே உங்களுக்குக் கற்பித்துவிடும். இங்கேயே இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் வகுப்பிலும் விடுதியிலும் தொலைவிலிருந்து வந்த ஒருவர் இருப்பார். அடுத்த விடுமுறைக்கு அவர் எங்கே போகிறார் என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.