காந்தப் புயல் துருவத்தோடு நின்றுவிடுமா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 மே 10, 11 தேதிகளில் பெரிய காந்தப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹான்லே வானில் சிவப்பொளி படர்ந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், நம்ம ஊர்ல ஒண்ணும் நடக்கலையா?" என்றாள். "அதெல்லாம் துருவப் பக்கம்தான்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் தவறு. பிறகுதான் தேடிப் படித்தேன்.

வகுப்பில் இதை ஒரு தையல் ஊசியிலிருந்து தொடங்கலாம். ஊசியின் நடுவில் நூல் கட்டி, கிடையாக நிற்கும்படி தொங்கவிடுங்கள். பிறகு முடிச்சை நகர்த்தாமல், காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேயுங்கள். டெல்லியில் இதைச் செய்தால் ஊசியின் வடமுனை நன்றாகக் கீழே சாயும். தென் தமிழகத்தில் ஏறக்குறைய கிடையாகவே நிற்கும். காந்த நடுக்கோடு நம் தீபகற்பத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம்.

இங்கே காந்தப்புலம் படுத்துக் கிடப்பதால் மேலே ஒரு வேடிக்கை நடக்கிறது. 100 கிலோமீட்டருக்கு மேல் சூரியக் கதிர்கள் காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. பகலில் அங்கே கிழக்கு நோக்கிய மின்புலம் உண்டு. அதுவும் கிடையான காந்தப்புலமும் சேர்ந்து எலக்ட்ரான்களையும் அயனிகளையும் உயரே தூக்குகின்றன. ஏறியவை காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் நீரூற்றுப் போல வழிந்து இறங்குகின்றன. அதனால் எலக்ட்ரான்கள் மிகுதியாகச் சேர்வது நம் தலைக்கு மேல் அல்ல; வடபுறத்தில் அகமதாபாத், போபால் வட்டாரத்தில்.

காந்தப் புயல் இந்த ஊற்றைத்தான் கலைக்கிறது. துருவப் பகுதியில் எழும் மின்புலம் சில நிமிடங்களில் இங்கு வரை எட்டிவிடும். அப்போது நமக்குப் பகலாக இருந்தால் ஊற்று இன்னும் உயரே போகும். சில மணி நேரம் கழித்து, துருவத்தில் சூடான காற்று நடுக்கோட்டை நோக்கி வீசி எதிர்த்திசை மின்புலத்தை உண்டாக்கும், ஊற்று அடங்கிப்போகும். ஜி.பி.எஸ். சமிக்ஞை இந்த எலக்ட்ரான்களைக் கடந்துதான் வர வேண்டும். அவற்றின் அளவு சட்டென மாறினால் காட்டும் இடமும் பிசகும்.

அந்த மாணவியைக் கூப்பிட்டு என் பதிலைத் திருத்திக்கொண்டேன். "அப்ப நடந்துச்சு, கண்ணுக்குத்தான் தெரியலை" என்றாள்.

ஊசியை முதலில் சமன் செய்ய மறக்காதீர்கள். எங்கள் வகுப்பில் முடிச்சு சற்று ஓரமாக இருந்துவிட்டது. ஊசி சாய்ந்ததைப் பார்த்து, பிள்ளைகள் நம் ஊரையே டெல்லி ஆக்கிவிட்டார்கள்.